முதலாளியம்மா ஆன மகாராணி

இரண்டாம் எலிசபெத் மகாராணி 2022 செப்டம்பர் 8 அன்று காலமானார். அடுத்த சில நாள்கள் ஹாங்காங்கின் அட்மிரால்டி பகுதியில், பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்துக்கு வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. மக்கள் வெயிலில் மணிக்கணக்காக நின்று பூச்செண்டு வைத்து, இரங்கல் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பிரிட்டிஷ் ஆட்சி முடிந்து, ஹாங்காங் சீனாவின் கைக்குப் போய் அப்போது 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரைப் பற்றிப் பேசியவர்கள் பலர் 'மகாராணி' என்று சொல்லவில்லை. 'ஸி தௌ போ' என்றார்கள். ஹாங்காங்கில் பேசப்படும் சீன மொழியான கான்டோனீஸில் ஸி தௌ என்றால் கடைக்குச் சொந்தக்காரர். ஸி தௌ போ அவருடைய மனைவி, அல்லது தானே கடையை நடத்தும் பெண். நம் வழக்கில் சொன்னால், முதலாளியம்மா.

பேரரசின் தலைவியை மளிகைக் கடை முதலாளியம்மா ஆக்கிய இந்தச் சொல் கேலியாகப் பிறந்ததா, பாசமாகப் பிறந்ததா என்று கேட்டால், இரண்டும் கலந்துதான். ஆனால் அதற்குள் ஒரு நேரான தர்க்கம் இருக்கிறது. அந்தக் காலத்து ஹாங்காங்கில் அரசு வேலைக்குப் பெயர் 'வோங் கா கூங்', அதாவது அரச குடும்பத்து வேலை. சம்பளம் அரச குடும்பத்தினுடையது என்றால் அந்தக் குடும்பத்தலைவிதானே முதலாளியம்மா? அவர் ஹாங்காங்குக்கு வந்தது இரண்டே முறை, 1975-இலும் 1986-இலும். ஆனாலும் 1993-இல் புது நாணயங்கள் வரத் தொடங்கும்வரை அவருடைய முகம் எல்லோருடைய சட்டைப்பையிலும் இருந்தது.

ஹாங்காங் மக்கள் மேலதிகாரிகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் புரிந்துகொள்ள, இந்தக் கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கான்டோனீஸில் ஆறு சுரங்கள் உண்டு, அதாவது குரலின் ஏற்ற இறக்கங்கள். சுரம் மாறினால் பொருள் மாறும். தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை. ஆகவே இங்கே எழுதியிருக்கும் உச்சரிப்புகளைக் கிட்டத்தட்ட என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கடைகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கடையிலேயே சாப்பிட்டு, கடையிலேயே படுத்தார்கள். அவர்களுக்கு 'ஃபோ கெய்' என்று பெயர். இன்றைக்கும் தேநீர்க் கடையில் பரிமாறுபவரைக் கூப்பிட இந்தச் சொல்தான். காவல்துறையில் கூட வேலை செய்பவரையும் அப்படியே அழைப்பார்கள். ஃபோ கெய்க்கு இருந்த சொத்து ஒரு படுக்கைச் சுருள், ஒரு துணி மூட்டை. வேலை போனால் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வேலையை விட்டு நீக்குவதற்குக் கான்டோனீஸில் உள்ள சொற்கள் இந்தக் காட்சியிலிருந்தே வந்தவை. 'மூட்டையைக் கட்டு' என்பது ஒன்று. இன்னொன்று உலகப் புகழ் பெற்ற 'சாவ் யௌ யூ', அதாவது கணவாயை வறுப்பது. கணவாய் மீனைக் கீறிச் சூடான சட்டியில் போட்டால் துண்டுகள் சுருண்டுகொள்ளும். படுக்கையைச் சுருட்டுவது போலவே இருக்கும். இப்போது கணவாயைக்கூடச் சொல்வதில்லை. 'அவனை வறுத்துவிட்டார்கள்' என்றாலே புரியும். ஊழியர் தானாக வேலையை உதறினால் 'முதலாளியின் கணவாயை நான் வறுத்தேன்' என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் சட்டியும் கரண்டியும் கை மாறிவிடுகின்றன.

கணவாயைவிட என் மனதைப் பிசைவது கோழிதான். சீனப் புத்தாண்டுக்கு மறுநாள் முதலாளி கடை ஊழியர்களோடு உட்கார்ந்து விருந்து சாப்பிடுவது வழக்கம். அந்த விருந்தில் முதலாளி தன் கையால் ஒரு கோழித் துண்டை எடுத்து யாருடைய கிண்ணத்தில் வைக்கிறாரோ, அவருக்கு அந்த ஆண்டு வேலை இல்லை என்று அர்த்தம். அதற்கு 'மோ சிங் கை' என்று பெயர், இரக்கமில்லாத கோழி. உபசரிக்கும் சைகையே வெளியே அனுப்பும் சைகை. வாயால் ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் முன்னால் அந்தத் துண்டை மென்று விழுங்க வேண்டியவரை நினைத்துப் பாருங்கள். வழக்கம் தேய்ந்துபோனாலும் சொல் இன்னும் இருக்கிறது.

இன்று ஸி தௌ கொஞ்சம் பழைய சொல். முதலாளி, மேலாளர், வாடிக்கையாளர், முன்பின் தெரியாத ஒருவர் என்று எல்லோருக்கும் பொருந்தும்படி ஓடுவது 'லோ சை'. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் லோ என்றால் முதிய, சை என்றால் சிறிய. முதலாளியைப் போய் ஏன் சிறியவர் என்கிறார்கள்? இதற்கு ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. 1941 டிசம்பர் முதல் 1945 ஆகஸ்ட் வரை ஹாங்காங் ஜப்பானியர் கையில் இருந்தது. ஜப்பானிய மொழியில் குடும்பத்தலைவர் என்பதற்கான சொல், உலகம் அல்லது தலைமுறை என்று பொருள்படும் எழுத்தில் தொடங்கும். கான்டோனீஸில் அந்த எழுத்துக்கும் சை என்றே உச்சரிப்பு, சுரமும் அதே சுரம். அப்படிக் குடும்பத்தலைவர் லோ சை ஆனார், பிறகு எழுதும்போது எளிய எழுத்தான 'சிறிய' அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்பது கதை. இதை எல்லோரும் ஏற்கவில்லை. என்னைப் பொறுத்தவரை கதையின் உண்மையைவிட, முதலாளி என்ற சொல்லின் வேரைத் தேடப் போனவர்கள் குடும்பத்தலைவரிடம் போய் நின்றார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஏனென்றால் லோ என்ற முன்னொட்டு உண்மையிலேயே வீட்டைச் சேர்ந்தது. கணவன் லோ கூங், மனைவி லோ போ, அப்பா லோ டௌ. இருபத்தைந்து வயதுக் கணவனும் லோ கூங்தான், ஆகவே இங்கே வயதுக்கு வேலையில்லை, நெருக்கத்துக்குத்தான். இன்னொரு முன்னொட்டு 'ஆ'. அம்மா, அப்பா, அண்ணன், தோழன் பெயர் என்று எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது. மேலாளரை 'ஆ தௌ' என்பார்கள், தலைவர் என்ற பொருளில். தௌ என்றால் தலை. சரி, மேலே இருப்பவர்களுக்கு வீட்டின் மூத்தவர்களுக்கான ஒட்டு. கீழே இருப்பவர்களுக்கு? 'டா கூங் ஜை'. டா கூங் என்றால் வேலை செய்வது, ஜை என்றால் பையன், மகன். ஐம்பது வயதில், மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவரும் சம்பளத்துக்கு வேலை செய்தால் ஜைதான்.

இந்த இலக்கணத்தை அழகு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. குடும்பப் பேச்சு ஒரு கதகதப்பைத் தருகிறது என்பது உண்மை. புத்தாண்டு முடிந்து வேலை தொடங்கும் முதல் நாளில் முதலாளி ஊழியர் கையில் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார். மணமானவர்கள் மணமாகாதவர்களுக்குக் கொடுக்கும் அதே லை ஸி. ஆனால் அதே குடும்பப் பேச்சு, கணக்குக் கேட்பதைக் கூச்சமாக்கியும் விடுகிறது. அப்பாவிடம் கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்க முடியுமா? ஹாங்காங்கில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 2011 மே 1 அன்றுதான் வந்தது, மணிக்கு 28 ஹாங்காங் டாலர். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்று எல்லோருக்கும் பொதுவாக வரையறுக்கும் சட்டம் இன்றும் இல்லை. சொற்கள்தான் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்குள்ள நிறுவனங்களில் 98 சதவீதத்துக்கும் மேல் சிறு, நடுத்தர நிறுவனங்கள். முதலாளி அதே அறையில், நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கும் இடங்கள் அவை. கடைக் காலத்துப் பேச்சு இன்னும் உயிரோடு இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கடை முதலாளி பக்கத்தில் இருந்தார். அரசாங்கமோ எட்டாத மொழியில் இருந்தது. 1974 வரை ஹாங்காங்கின் ஆட்சிமொழி ஆங்கிலம் மட்டும்தான். மக்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பேசியது கான்டோனீஸ். ஆகவே பதவிப் பெயர்கள் காகிதத்தில் ஆங்கிலமாக வந்தன, தெருவில் இறங்கியதும் ஊர் உடை போட்டுக்கொண்டன. பாஸ் 'போ ஸி' ஆனார். கட்டட வேலையில் ஃபோர்மேன் 'ஃபோ மன்' ஆனார். போலீஸ் சார்ஜென்ட் 'சா ஜின்'. இவற்றை எழுதப் பயன்படும் சீன எழுத்துகளின் பொருளைத் தேடினால் மணல், பாடம் என்று ஏதேதோ வரும். ஒலிக்காக மட்டும் பிடித்து உட்காரவைத்த எழுத்துகள் அவை.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஆ சேர்'. பிரிட்டிஷ்காரர்கள் கற்றுக்கொடுத்த சார்தான். இந்தியாவிலும் அவர்கள்தான் விட்டுப்போனார்கள், நாம் சார், வாத்தியார் சார், கண்டக்டர் சார் என்று அதை நம்முடையதாக்கிக்கொண்டோம். ஹாங்காங்கில் அதற்கு முன்னால் அந்த வீட்டு 'ஆ'வைச் சேர்த்துவிட்டார்கள். போலீஸ்காரர் ஆ சேர், ஆண் ஆசிரியரும் ஆ சேர். பெண் போலீஸ் அதிகாரி மேடம், ஆசிரியை மிஸ். இது நமக்கு விளக்கம் தேவைப்படாத இடம்.

அந்த ஆட்சியின் பாதையில் இன்னும் இரண்டு சொற்கள் நம் பக்கத்திலிருந்து அங்கே போயிருக்கின்றன. மூட்டை தூக்குபவருக்கு 'கூ லெய்' என்று பெயர். ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்த அந்தச் சொல்லின் மூலங்களில் ஒன்றாக நம் 'கூலி'யைத்தான் அகராதிகள் காட்டுகின்றன. இன்னொன்று, தமிழில் காசுக்கடைக்காரரைக் குறித்த சராப்பு. அரபு, பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து, ஆங்கிலேயர் வாயில் 'ஷ்ராஃப்' ஆகி, ஹாங்காங்கின் கார் நிறுத்துமிடங்களிலும் மருத்துவமனைகளிலும் பணம் கட்டும் கவுன்டருக்கு மேலே ஆங்கிலப் பலகையில் இன்றும் இருக்கிறது.

காவல்துறைக்குள் பதவிகளை மக்கள் கண்ணால் பார்த்தே பெயர் வைத்தார்கள். சார்ஜென்ட்டின் கைப்பட்டையில் இருக்கும் மூன்று கோடுகள் மூன்று விறகுக் கட்டைகளாகத் தெரிந்தன, ஆகவே அவர் 'மூன்று விறகு'. இன்ஸ்பெக்டரின் தோளில் இருக்கும் நட்சத்திரம் பூ. புதிதாகச் சேர்ந்தவர் ஒரு பூ, பதவி உயர உயரப் பூவும் கூடும். உச்சியில் இருக்கும் ஆணையர் 'யட் கோ', முதலாம் அண்ணன். எத்தனை பெரிய பதவிக்கும் கடைசியில் ஓர் அண்ணன் வந்து நிற்கிறார். ஊர் முழுக்க அஞ்சும் ரகசியக் கும்பல்களின் தலைவரும் 'டாய் லோ', பெரிய அண்ணன்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் நேர் மேலதிகாரியை 'டாய் லோ' என்று சொல்பவர்கள் உண்டு.

1973-இல் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரியிடம் 40 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் கணக்கில் வராத பணம் இருப்பது தெரியவந்தது. விசாரணையின் நடுவே அவர் நாட்டை விட்டுத் தப்பினார். மக்கள் கொதித்துத் தெருவுக்கு வந்தார்கள். 1974 பிப்ரவரியில் ஊழலை விசாரிக்கத் தனி ஆணையம் வந்தது. அதிலிருந்து 'காபி குடிக்கக் கூப்பிட்டார்கள்' என்றால் அந்த ஆணையம் விசாரணைக்கு அழைத்திருக்கிறது என்று பொருள். யாரையும் பெயர் சொல்லாமல், குற்றம் சாட்டாமல், ஆனால் கேட்டவர் வயிற்றைக் கலக்கும்படி சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது.

அலுவலகத்தில் இதற்கு இணையானது 'ஜியு ஃபை', நுரையீரலுக்கு எக்ஸ்ரே எடுப்பது. மேலதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, செய்த பிழைகளை ஒவ்வொன்றாகக் கேட்பது. வெளியே வருபவரின் முகத்தைப் பார்த்ததும் பக்கத்து மேசைக்காரர், "எக்ஸ்ரே எடுத்தாச்சா?" என்று கேட்பார். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்துவிட்டது என்ற அந்த உணர்வை, சொன்னவர் அனுபவித்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். மேலே இருப்பவர் செய்த தவறுக்குக் கீழே இருப்பவர் பழி ஏற்பது 'மே வோக்', முதுகில் வாணலியைச் சுமப்பது. முதலாளிக்கு ஜால்ரா போடுவது 'சாட் ஹாய்', செருப்பைத் துடைப்பது. முதலாளியின் மகன் வேலைக்கு வந்து சேர்ந்தால் அவர் இளவரசர். மச்சான், மருமகன் எல்லாம் அரச உறவினர்கள்.

வாணலி என்றதும் சமையலறையைத் தாண்டிப் போக முடியவில்லை. கான்டோனீஸ் உணவகத்தின் சமையலறையில் பதவி என்பது எந்த வாணலி முன்னால் நிற்கிறீர்கள் என்பதுதான். தலைமைச் சமையல்காரர் 'தௌ வோக்', தலை வாணலி. அடுத்தவர் இரண்டாம் வாணலி, அதற்கடுத்தவர் மூன்றாம் வாணலி. வெட்டும் பலகைப் பக்கம் தனி வரிசை, அங்கேயும் ஒரு தலைப் பலகை உண்டு. "அவர் எங்கே இரண்டாம் வாணலி?" என்று ஒருவரைப் பற்றி விசாரிக்கலாம். ஆளும் கருவியும் ஒன்றாகிவிட்ட பெயர் இது. பட்டம் கொடுத்து யாரும் தலை வாணலி ஆக முடியாது. நெருப்பு முன்னால் நின்று காட்ட வேண்டும். வெளியே, மேசைகளைப் பார்த்துக்கொண்டு, இன்று எந்த மீன் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் பொறுப்பாளருக்கு 'போ ஜேங்' என்று பெயர். சீன அரசாங்கத்தில் அதே சொல் மத்திய அமைச்சரைக் குறிக்கும்.

கட்டட வேலையில் பெயர்கள் கசப்பானவை. குத்தகைக்கு வேலை எடுப்பவர் 'பூன் தௌ'. முதன்மை ஒப்பந்தக்காரர் பெரிய பூன். அவர் பிரித்துக் கொடுத்தால் இரண்டாம் பூன், அவரும் பிரித்தால் மூன்றாம் பூன். குத்தகைக்கு மேல் குத்தகை. கம்பி கட்டும் தொழிலாளிக்குப் பெரிய பூன் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். சம்பளம் கொடுக்க வேண்டிய மூன்றாம் பூன் ஒருநாள் காணாமல் போனால் யாரிடம் கேட்பது? இந்த ஒழுங்கீனம் அத்தனை பழையது என்பதால் சட்டமே இந்த அடுக்கைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. கீழ் ஒப்பந்தக்காரர் ஊதியம் கொடுக்காவிட்டால், முதல் இரண்டு மாதத்துக்கு முதன்மை ஒப்பந்தக்காரர் பொறுப்பு. 'எனக்குப் பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்' என்ற நிபந்தனை செல்லாது என்று சொல்லும் சட்டம் 2025 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. முதலாளிக்கு முன்னால் எண் போட்டுப் பேச வேண்டிய நிலை வந்தால், அங்கே குடும்பப் பேச்சுக்கு இடமில்லை. லோ என்பதற்கும் இடமில்லை, ஆ என்பதற்கும் இடமில்லை.

மாறாக, உச்சியில் இருக்கும் கோடீஸ்வரர்கள் பலர் உறவினர்கள். பிரிட்டிஷ் வணிக நிறுவனங்களின் தலைவர்களுக்கு 'டாய் பான்' என்ற பழைய பட்டம் இருந்தது. பிறகு வந்த சீனப் பெரும்பணக்காரர்களை மக்கள் உறவு வைத்து அழைத்தார்கள். திரைப்பட, தொலைக்காட்சி அதிபர் ரன் ரன் ஷா ஆறாம் சித்தப்பா. நில வணிகத்தில் பெரிய ஆளான லீ ஷாவ்-கீ நான்காம் சித்தப்பா. இருவருக்கும் அது வீட்டில் பிறந்த வரிசை எண். ஊர் முழுக்க அதையே எடுத்துக்கொண்டது. லீ கா-ஷிங் மட்டும் சூப்பர்மேன். அவர் மகன் ரிச்சர்ட் லீ குட்டி சூப்பர்மேன். லீ கா-ஷிங்கின் ஹட்சிசன் நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய கேனிங் ஃபோக்குக்குப் பத்திரிகைகள் கொடுத்த பட்டம் 'டா கூங் வோங் தை', சம்பளக்காரர்களின் சக்கரவர்த்தி. எத்தனை கோடி வாங்கினாலும் சம்பளம் சம்பளம்தான் என்று அந்தப் பட்டம் சொல்லாமல் சொல்கிறது.

மலேசியத் தமிழர்களுக்குச் சீன முதலாளி என்றால் 'தவுக்கே' என்ற சொல்தான் நினைவுக்கு வரும். அது ஹொக்கியன் என்ற இன்னொரு சீன மொழியின் சொல், வீட்டுத் தலைவர் என்ற பொருள். ஆனால் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சீனர்களிடையே பரவலாக ஓடும் பேச்சு கான்டோனீஸ் என்பதால், லோ சையும் அவர்கள் காதுக்குப் பழகியதாகவே இருக்கும்.

1997-க்குப் பின் முதலாளியம்மாவின் இடத்துக்கு யார் வந்தார்கள்? நகரத்தை நிர்வகிக்கும் தலைமை நிர்வாகிகளை மக்கள் பெரும்பாலும் உறவு வைத்து அழைக்கவில்லை. ஒரு குழுதான் அவர்களைத் தேர்ந்தெடுத்தது. 2012-இலும் 2017-இலும் அதில் இருந்தவர்கள் சுமார் 1,200 பேர். 2012-இல் லியுங் சுன்-யிங் வாங்கிய வாக்குகள் 689. 2017-இல் கேரி லாம் வாங்கியவை 777. அந்த எண்களே அவர்களுக்குப் பெயராகிவிட்டன. ஒரு நகரத்தின் தலைவருக்கு எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் நினைவூட்டும் பெயர் அது. உறவு முறை கிடைத்தது பெய்ஜிங்கில் உள்ள மத்திய அரசுக்குத்தான். அதை 'ஆ யே' என்பார்கள். அப்பாவின் அப்பா.

முதலாளியம்மாவுக்கும் தாத்தாவுக்கும் உள்ள தூரத்தை ஹாங்காங்கில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளியம்மா கொடுப்பது வேலை. பிடிக்காவிட்டால் அவருடைய கணவாயையும் வறுத்துவிட்டுப் போகலாம். தாத்தா ரத்த உறவு. அவருடைய கோபமும் கொடையும் பிறப்போடு வருபவை. "ஆ யே என்ன நினைக்கிறார்?" என்பது அங்கே அரசியல் பேச்சில் சாதாரணமாக வரும் கேள்வி.

1997 ஜூலை 1 அன்று காவல்துறையின் பெயரிலிருந்து 'ராயல்' என்ற சொல் போனது. தொப்பிச் சின்னத்தில் இருந்த கிரீடம் போய் மந்தாரைப் பூ வந்தது. அரச குடும்பத்து வேலை என்பது வெறும் அரசாங்க வேலை ஆனது. தெருவில் ஒரு போலீஸ்காரரிடம் வழி கேட்பவர் மட்டும் இன்றும் "ஆ சேர்" என்றுதான் தொடங்குகிறார்.